சிவப்பு எழுத்தை அழித்தவர்கள்

நேற்றுப் போர்த்திய சால்வை காரின் பின்சீட்டில் அப்படியே கிடந்தது. ஜரிகை மட்டும் மினுங்கியது. மடிப்பு ஓரத்தில் காய்ந்துபோன சந்தனக் கறை. யாருக்கோ போர்த்தி, அவர் விட்டுப்போனதை எடுத்து, மறுபடியும் உறையில் போட்டுத் திலகவதிக்குப் போர்த்தியிருக்கிறார்கள்.

"அதை எறிஞ்சிருங்கன்னு நேத்தே சொன்னேன்ல?"

"மரியாதைக்குப் போர்த்துனதைப் போயி எறியச் சொல்ற." கணவன் கோபிநாத் கியரை மாற்றினான். "ஒனக்கு எதைக் கண்டாலும் அருவருப்பு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆலங்குடி தாண்டி முந்திரித் தோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. தோப்பு முடியும் இடத்தில் கல்லூரி. வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ். நடுவில் தாளாளர் வீரய்யா கைகூப்பி நிற்க, ஓரத்தில் ஸ்டாம்பு அளவுக்குத் திலகவதியின் கல்யாணப் போட்டோ. அதில் அவள் மூக்கை யாரோ கம்ப்யூட்டரில் வைத்துக் கூராக்கியிருந்தார்கள்.

துளிக்கான கூட்டத்தை இங்கே நடத்தித் தரக் கேட்டது கொழுந்தன் விக்ரம். இந்தக் கல்லூரியில் கணினித் துறை உதவிப் பேராசிரியர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சிபாரிசு செய்தது மாமியார் சொர்ணவல்லி. "வீட்டுப் பிள்ளைக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போற?" என்று ஒரு வாரம் கேட்டார். திலகவதி தலையாட்டிவிட்டாள். ஆட்டியது தவறு என்று நேற்றுக் காலை நாதஸ்வர சி.டி. ஒலித்தபோதே தெரிந்துவிட்டது.

அவள் கேட்டது ஒரு அறை, பன்னிரண்டு பேர், நல்ல இணைய வசதி. இரண்டு நாள் கூடி உட்கார்ந்து 'துளி'யில் இருக்கும் குறைகளைச் சரிசெய்ய வேண்டும். ஸ்பிரிண்ட் என்று அதற்குப் பெயர். சத்தமில்லாத வேலை. விக்ரம் கூட்டி வைத்திருந்தது முந்நூறு மாணவர்களை.

துளி ஒரு மென்பொருள். குழந்தையின் எடையைக் கொடுத்தால் எந்த மருந்து எத்தனை மில்லி என்று கிராமச் செவிலியரின் கைபேசியில் சொல்லும். விலை கிடையாது. உள்ளே எழுதியிருப்பதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தமும் அனுப்பலாம். ஆனால் அந்தத் திருத்தத்தை, துளிக்குப் பொறுப்பான நால்வரில் ஒருவர் வரிவரியாகப் படித்துப் பச்சைக் குறி போட வேண்டும். போட்டால்தான் உள்ளே சேரும். சேர்ந்த அரை மணியில் சில சோதனைக் கைபேசிகளுக்குப் போய்விடும்; மற்றவர்களுக்கு மாதக் கடைசியில்.

நால்வரில் திலகவதி ஒருத்தி. சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே பார்க்கும் வேலை சம்பளத்துக்கு. வீடு மாமியார் பெயரில். கார் கோபிநாத்தின் பைப் கடை பெயரில். அவள் பெயரில் இருந்தது அந்தப் பச்சைக் குறி ஒன்றுதான்.

ஆய்வுக்கூடத்தில் வியர்வையும் ரூம் ஸ்பிரேயும் கலந்து அடித்தது. திலகவதி மடிக்கணினியைத் திறந்து, காலையில் வந்து குவிந்திருந்த திருத்தங்களைப் படிக்கத் தொடங்கினாள்.

முதல் திருத்தம்: 'நல்வரவு' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்திருந்தது.

இரண்டாவது அந்தப் புள்ளியை எடுத்திருந்தது.

மூன்றாவது 'நல்வரவு'க்கு முன்னால் தாளாளர் பெயரைச் சேர்த்திருந்தது. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது எல்லாம் தங்கள் பெயரைத் தாங்களே எழுதியவை. ஒருவன் பெயரோடு ரத்த வகையையும் எழுதியிருந்தான்.

அவள் எழுந்து பெஞ்சுகளின் நடுவே நடந்தாள். எல்லாத் திரைகளிலும் ஒரே பக்கம். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் தலையைக் கூடத் திருப்பாமல் ஒருவருக்கொருவர் 'சரி பார்த்தாயிற்று' என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குறிக்கு மதிப்புக் கிடையாது. நால்வரில் ஒருவர் போட்டாக வேண்டும். ஆனாலும் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா பண்றீங்க?"

வனிதா என்று அட்டை மாட்டியிருந்த பெண் எழுந்து நின்றாள். "நான் இவளுக்குப் போட்டா இவ எனக்குப் போடுவா மேடம். மொய் மாதிரி."

பெஞ்சு சிரித்தது.

"செஞ்சதைத் திருப்பிச் செய்யலைன்னா அப்புறம் மூஞ்சியில முழிக்க முடியாதுல்ல மேடம்" என்றாள் பக்கத்துப் பெண், உதவிக்கு.

"அவ என்ன எழுதியிருக்கான்னு படிச்சியா?"

வனிதா நிஜமாகவே குழம்பினாள். "படிக்கணுமா மேடம்? சார் படிக்கச் சொல்லலையே."

அந்தப் பிள்ளைமீது கோபம் வரவில்லை. அவளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர்களை நினைத்தபோது திலகவதிக்கு நாக்கின் அடியில் கசந்தது.

விக்ரம் வாசலில் நின்றிருந்தான். புதுச் சட்டை, புது அடையாள அட்டை.

"எப்படிப் போகுது அண்ணி?"

"குப்பை அள்ளிக்கிட்டு இருக்கேன் விக்ரம்."

"பசங்க ஆர்வமா இருக்காங்கள்ல?"

"புள்ளி வைக்க ஒருத்தன், புள்ளியை எடுக்க ஒருத்தி. ஆர்வம்தான்."

"எல்லாரும் நம்ம வீட்டு விசேஷம்னு வந்திருக்காங்க அண்ணி. வெறுங்கையோட அனுப்ப முடியுமா? மூணு மணிக்கு ஸ்டேஜ்ல எத்தனை பங்களிப்புன்னு பெரிய திரையில போட்டுக் காட்டணும். தாளாளர் அப்பவே எனக்குப் பெர்மனென்ட் ஆர்டர் தர்றேன்னு சொல்லியிருக்கார். கொஞ்சம் போட்டு விடுங்க."

"படிக்காம ஒன்னுகூடப் போட மாட்டேன்."

"படிச்சுக்கிட்டிருந்தா மூணு மணிக்குள்ள முடியாதே."

"முடியாட்டி முடியாது."

விக்ரம் சிரித்தான். "சரிங்க அண்ணி" என்றான். அந்த வீட்டில் சரி என்று சிரித்துச் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று ஏழு வருடமாக அவளுக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

மதியம் தாளாளர் அறையில் விருந்து, அவசியம் வர வேண்டும் என்று ஆள் வந்தது. கோபிநாத் நகரவில்லை.

"அந்தப் பெரிய மனுசங்க கூட உக்காந்தா எனக்குச் சோறு எறங்காது. ஒரு பொட்டலம் வாங்கிட்டு வரச் சொல்லு. இங்கனயே இருந்து பாத்துக்கிறேன்."

அவள் திரையைப் பூட்டிவிட்டுத்தான் போனாள். பூட்டைத் திறக்கும் எண் கல்யாணத் தேதி. வீட்டில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். ஒரு தடவை மாற்றிப் பார்த்தபோது, "எங்ககிட்ட என்னத்தை மறைக்கிற?" என்று சொர்ணவல்லி இரண்டு நாள் சாப்பிடவில்லை. பழைய எண்ணே திரும்பி வந்தது.

தாளாளர் வந்து இலை போட ஒரு மணி நேரம் ஆயிற்று. அறை ஏ.சி. குளிரில் விறைத்துக் கிடந்தது. ஆட்டுக்கறிக் குழம்பின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்து ஆடை கட்டியிருந்தது. தாளாளர் எலும்பை உறிஞ்சி இலை ஓரத்தில் அடுக்கினார். பல்லில் மாட்டிய நாரை நாக்கால் துழாவிக்கொண்டே பேசினார்.

"நம்ம குடும்பத்துப் பொண்ணு. ஒரு பைசா வாங்காம சமூக சேவை பண்ணுது. அதைத்தான் நான் பசங்ககிட்ட சொல்றது."

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர் இடது கையால் கைபேசியை எடுத்தார்.

"நேத்துத் தொடக்க விழாவுல நான் இதை அமுக்குறேன், சிவப்பா எழுத்து வருது. எடையைக் கொடுன்னுச்சோ என்னமோ. அத்தனை பேர் முன்னாடி மானத்தை வாங்கிருச்சு. விக்ரம்கிட்ட அப்பவே சொன்னேன், என்னய்யா தப்பு தப்புன்னு வருது, நாளைக்குள்ள சரி பண்ணுன்னு. இப்பப் பாருங்க."

அமுக்கினார். சோதனைப் பட்டியலில் அவர் கைபேசியையும் விக்ரம் சேர்த்திருக்கிறான் என்பதே திலகவதிக்கு அப்போதுதான் புரிந்தது. எடைக் கட்டம் காலியாக இருந்தது. கீழே பச்சை நிறத்தில் மருந்தின் பெயரும் மில்லி அளவும் வந்து நின்றன.

கைதட்டினார்கள்.

"சார், நீங்க எடையே போடலை."

"போடாமலே சொல்லுதும்மா!" தாளாளர் பல்குத்தும் குச்சியை உயர்த்திக் காட்டினார். "அதான் டெக்னாலஜி."

திலகவதி எழுந்தாள். இலையில் கையே வைக்கவில்லை. யாரோ "பாயசம் இருக்கு மேடம்" என்றது பின்னால் கேட்டது.

ஆய்வுக்கூடத்தில் கோபிநாத் பொட்டலத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தான். விக்ரம் அவன் பக்கத்து நாற்காலியில். மடிக்கணினி திறந்திருந்தது. எண்டர் பொத்தானில் மஞ்சள் கறை. அதைச் சுற்றியும் எண்ணெய் விரல் தடங்கள்.

திரையில் முப்பதுக்கும் மேல் பச்சைக் குறிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவள் பெயர்.

"என்னங்க இது?"

"ஒனக்கு வேலை மிச்சமாகட்டும்னுதான்" என்றான் கோபிநாத். "விக்ரம் வரிசையாக் காட்டுனான், நான் அழுத்துனேன். எல்லாம் புள்ளி வைக்கிறது, பேரு போடுறதுதானாமே."

"சாப்பிட்டுக்கிட்டே."

"இடது கையாலதான் அழுத்துனேன்."

"எண்டர்ல மஞ்சள் இருக்குங்க."

அவன் பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் துடைக்கப் போனான். அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதைத் தொடவே கூசியது. தொட்டாள்.

புள்ளி, பெயர், பெயர், புள்ளி. நடுவில் விக்ரம் அனுப்பிய ஒன்று. எடை இல்லையென்றால் சிவப்பு எழுத்தில் சொல்லி நிறுத்து என்ற வரியைக் காணோம். அந்த இடத்தில் புது வரி: எடை இல்லையென்றால் பத்து கிலோ என்று வைத்துக்கொள்.

"பத்து கிலோன்னு ஒனக்கு யார் சொன்னா?"

"சும்மா ரவுண்டா இருக்கட்டும்னு போட்டேன் அண்ணி. டெமோவுக்குத்தானே."

"ஒன்றரை மாசப் பிள்ளை என்ன எடை இருக்கும்?"

விக்ரம் அண்ணனைப் பார்த்தான்.

"நாலு கிலோ, நாலரை கிலோ இருக்கும். அதுக்குப் பத்து கிலோ பிள்ளைக்குண்டான மருந்தைக் குடுக்கச் சொல்லியிருக்க." அவள் திரையைக் கீழே நகர்த்தினாள். "எடையை விட்டுட்டா கண்டுபிடிச்சு நிறுத்த ஒரு சோதனை எழுதி வச்சிருந்தேன். அது எங்க?"

"அதுவும் சிவப்பா வந்துச்சு அண்ணி. அதான் எடுத்துட்டேன்."

பக்கத்து பெஞ்சில் யாரோ சிரித்து, உடனே நிறுத்தினார்கள்.

"எல்லாத்தையும் பழையபடி திருப்பப் போறேன்" என்றாள் திலகவதி.

விக்ரம் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான். குரல் இறங்கியிருந்தது. "ஒரு மணி நேரம் பொறுங்க அண்ணி. உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். ஃபங்ஷன் முடியட்டும். இப்பத் திருப்பினா என் பேருக்கு நேரா அந்தத் திரையில வரும். தாளாளர் ஆர்டரைக் கிழிச்சுப் போட்டுருவார்."

"அது வரைக்கும் ஏதாவது ஒரு பிள்ளைக்கு இதை வச்சு மருந்து குடுத்தா?"

"மாசக் கடைசியிலதானே எல்லாருக்கும் போகும்?"

"எல்லாருக்கும். சோதனை பண்றவங்களுக்கு இல்லை. தாளாளர் போன்ல வந்துருச்சே, பாக்கலையா நீ?"

கோபிநாத் குறுக்கே வந்தான். "ஏ திலகா, அவன் வேலை போயிரும். அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? ஒரு மணி நேரம்தானே கேக்குறான்."

"நீங்க பேசாதீங்க."

"நான் புருசன். நான் பேசாம?"

"ஏங்க, என் பேர்ல முப்பது தடவை பொய் சொல்லிட்டு உக்காந்திருக்கீங்க. கையைக் கழுவிட்டு வாங்க முதல்ல."

திருப்புவதற்கு ஒரே ஒரு பொத்தான்தான். அழுத்தினாள். விக்ரமின் திருத்தம் வெளியே போனது, சிவப்பு எழுத்து உள்ளே வந்தது, சோதனையும் வந்தது. பிறகு மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். கடைசியில் ஒரு கட்டம் திறந்தது: காரணம்.

கைபேசி அடித்தது. ஜெரால்டு. நால்வரில் இன்னொருவன், ஆவூர்க்காரன், பெங்களூரில் வேலை. துளி தொடங்கியதே அவன் அக்கா மரிய செல்விக்காகத்தான். அவர் ஆவூர்ப் பக்கத்தில் கிராமச் செவிலியர்.

"திலகா, சாப்பாட்டு நேரத்துல முப்பது பச்சை போட்டிருக்கீங்க. இப்ப எல்லாத்தையும் திருப்புறீங்க." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "படிச்சுத்தானே போட்டீங்க?"

கோபிநாத் எதிரில் நின்று இரண்டு கைகளாலும் சைகை செய்தான். தவறி அழுத்திவிட்டேன் என்று சொல். அவ்வளவுதான். யாரையும் காட்டிக்கொடுக்காத, எல்லாரும் நாளைக்கு மறந்துவிடக்கூடிய ஒரு சொல். விக்ரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தவறி அழுத்தினேன் என்றால் பச்சைக் குறி அவளிடமே இருக்கும். வீட்டிலும் யாரும் முகத்தைத் தூக்க மாட்டார்கள். நாளைக்கும் பூட்டைத் திறக்கும் எண் கல்யாணத் தேதியாகவே இருக்கும்.

"நான் போடலை ஜெரால்டு. என் வீட்டுக்காரர் போட்டார், என் லேப்டாப்புல. நான் பக்கத்துல இல்லை."

அந்தப் பக்கம் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

"அப்படின்னா உங்ககிட்ட இருக்கிற உரிமை..."

"தெரியும். நானே எடுத்துர்றேன். திரும்பக் குடுக்குறதா வேண்டாமான்னு நீங்க மூணு பேரும் பேசிச் சொல்லுங்க."

காரணக் கட்டத்தில் அதையே எழுதினாள். கணவர் என்று எழுதினாள், பெயர் எழுதவில்லை. விக்ரமின் திருத்தத்தில் அவன் பெயர் ஏற்கெனவே இருந்தது. குழந்தையின் எடை இல்லாமல் மருந்தளவு சொல்லும் மாற்றம், படிக்காமல் ஏற்கப்பட்டது, இப்போது நீக்கப்பட்டது. பிறகு அமைப்புப் பக்கத்துக்குப் போய் நால்வரின் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்தாள். 'உறுதியாகவா?' என்று திரை ஒரு முறை கேட்டது. மஞ்சள் ஒட்டியிருந்த அதே பொத்தானை அழுத்தினாள்.

கோபிநாத் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்தான். "இதை யார் யார் படிப்பாங்க?"

"யாரு வேணாலும்."

"அறந்தாங்கியில என் மச்சினன்?"

"அவரும்தான்."

"அசிங்கமா இல்லையாடி ஒனக்கு?"

"இருக்குங்க. காலையிலேர்ந்து இருக்கு."

அரங்கில் ஒலிபெருக்கி கரகரத்தது. பெரிய திரையில் எண் ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். நூற்றுக்கணக்கானவர்களின் ஓ என்ற சத்தம் எழுந்து, பாதியில் நின்று, சிரிப்பாக மாறியது. அவள் திருப்பியவை ஒவ்வொன்றாகக் கழிய, எண் இறங்கிக்கொண்டிருந்தது. விக்ரம் எழுந்து வெளியே போனான். ஓடவில்லை. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே நடந்தான்.

"திலகா" என்றான் ஜெரால்டு. இணைப்பைத் துண்டிக்காமலே இருந்திருக்கிறான். "அக்கா போனும் சோதனைப் பட்டியல்ல இருக்கு."

"தெரியும். இப்பப் பழையபடி மாறிடும்."

"நெட் கெடைச்சாத்தான் மாறும். இன்னைக்குப் புதன்கிழமை."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசி போட்ட பிள்ளைகளுக்குக் காய்ச்சல் சொட்டு மருந்து.

"நான் கூப்பிட்டேன், எடுக்கலை" என்றான். "நீங்க கூப்பிட்டுப் பாருங்க."

ஒலிபெருக்கியில் தாளாளரின் குரல். "அடுத்ததாக நம்ம வீட்டு மருமகள், நம்ம மண்ணின் மகள், திருமதி திலகவதி கோபிநாத் அவர்களை..." கோபிநாத் கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவையும். மூன்றாம் தடவை எடுத்தார்கள். பின்னணியில் குழந்தைகளின் அழுகை, தாய்மார்களின் பேச்சு, "வரிசையில வாங்கம்மா" என்ற சத்தம்.

"யாரு, திலகாவா?" மரிய செல்வியின் குரல் உற்சாகமாக இருந்தது. "நானே ஒனக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன் தாயி. இந்தத் தடவை நல்லாப் பண்ணியிருக்கீங்க."

"எதைக்கா?"

"காலையிலேர்ந்து எடை மிசின் மக்கரு. கூட்டமுன்னா கூட்டம், இங்கிட்டும் அங்கிட்டும் நகர முடியலை. காலையில எடை போடாம விட்டா சிவப்பா வந்து திட்டிக்கிட்டே இருந்துச்சு, கணக்குப் பாத்துப் பாத்துக் குடுத்தோம். மத்தியானம் பாரு, திட்டவே இல்லை. டக்குன்னு அளவைச் சொல்லிருச்சு."

"அக்கா, அந்த அளவுல மருந்து குடுத்தீங்களா?"

"நான் ஊசி போட்டுக்கிட்டு இருக்கேன். மருந்து பூராம் புதுசா பயிற்சிக்கு வந்த பிள்ளை, ஏஞ்சலுதான் போனைப் பாத்துப் பாத்துக் குடுக்குது. ஏம்மா?"

"எத்தனை பேருக்கு அக்கா?"

மறுபக்கம் உற்சாகம் வடிந்தது. மரிய செல்வி கைபேசியைக் காதிலிருந்து எடுத்து உள்ளே திரும்பிக் கேட்டார். "ஏஞ்சலு, மத்தியானத்துக்கு மேல அந்தச் சொட்டு மருந்தை யார் யாருக்குடி குடுத்த?"

சின்னக் குரல். சிரித்துக்கொண்டே சொன்னது. திலகவதிக்கும் தெளிவாகக் கேட்டது.

"வரிசையில நின்ன எல்லாப் பிள்ளைக்கும்தான்க்கா."